குசும்புக்காரி அனுசுயா

கொல்லாவிளையில் கொத்தனார் சூசைமிக்கேலின் பெண்டாட்டி தாணம்மையின் அடுக்களைப் படியில் இசக்கியம்மனும், வியாகுல மாதாவும், வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வருகிற அனுசுயாவும் ஒருவர் முன்னால் ஒருவராக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எமல்டாவின் காதுக்கு வந்தது. செய்தி கொண்டுவந்த ரெத்தினபாய் மூச்சு வாங்க நின்றாள். எமல்டாவுக்கு அதிசயமாக ஒன்றும் இருக்கவில்லை. சாமிகள் வரக்கூடியவர்கள்தான், கதையில் உள்ளவர்களும் மனது வைத்தால் வரக்கூடியவர்கள்தான், அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. போயும் போயும் தாணம்மை வீட்டுக்கா என்றுதான் இருந்தது. வயிறு எரிந்தது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை.

எரியாமல் என்ன செய்யும்? எமல்டா பதினெட்டு வயதில் கன்னியாஸ்திரீ ஆகப்போகிறேன் என்று மெட்ராஸில் ஒரு மடத்துக்குப் போனவள். இரண்டு வருஷம் தரை துடைத்து, பாத்திரம் தேய்த்து, முழங்கால் கறுக்க ஜெபம் செய்து, கடைசியில் மதர் கூப்பிட்டு “உனக்கு அழைப்பு இல்லை மகளே” என்று சொல்ல, ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேறித் திரும்பியவள். அதற்குப் பிறகும் விட்டாளா? மரியாயின் சேனைக்குப் பதினாறு வருஷமாக அவள்தான் செயலாளர், மாதாவுக்குப் பூ வைப்பவள் அவள், சாயங்காலம் கோயில் மைக்கில் ஜெபமாலையை முன்னின்று சொல்பவளும் அவள்தான். இப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆனவளைப் பார்த்தால் அவளுக்குக் கல்யாணத்தின் மேல் ஆசை வரும், மடத்தில் சேர்ந்தவளைப் பார்த்தால் மடத்தின் மேல் வரும், பக்கத்து வீட்டு முருங்கை காய்த்தால் தன் முருங்கையை வெட்டிப் போடலாம் என்று வரும். ஆயுசு முழுக்க அடுத்தவர் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டவள். இதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுசாகச் சொன்னதில்லை. “சின்னச் சின்னக் குறைகள் சாமி” என்று முடித்துக்கொள்வாள்.

அனுசுயா எப்படி இந்த ஊருக்குப் பழக்கமானாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அண்டியாபீஸில் வேலை. அண்டியாபீஸ் என்றால் முந்திரிக்கொட்டையை வறுத்து, தல்லி உடைத்து, பருப்பெடுத்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் சிவந்த தொலியை உரித்து டின்னில் அடைக்கும் இடம். தொலி உரிக்கும் ஷெட்டில் நாற்பது பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து சிறிய கத்தியால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். வியாழக்கிழமைதோறும் பத்திரிகை வந்ததும் எமல்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். அவள் உரிக்க வேண்டிய பங்கை மற்றவர்கள் ஆளுக்கொரு பிடியாக உரித்து அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். கதை ருசித்தால் கை வேகமாக ஓடும் என்று தெரிந்ததால் மேஸ்திரியும் கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது வாரத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. அது வாசித்தவளின் பிழையும் அல்ல, எழுதியவரின் பிழையும் அல்ல. “அனுசுயா பொல்லாத குசும்புக்காரி, அவள் இருக்கும் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது” என்று மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு கதாசிரியர் எழுதியிருந்தார். மெட்ராஸில் குசும்பு என்றால் குறும்பு, சீண்டல், விளையாட்டு. கொல்லாவிளையில் குசும்பு என்றால் பொறாமை. சோற்றை இறங்கவிடாத, பச்சையான பொறாமை.

நாற்பது கத்தியும் நின்றன.

“குசும்புக்காரியா? கதாநாயகியா?” என்றாள் ரெத்தினபாய். “எக்கா, இன்னொரு பிராவசியம் வாசிங்க.”

எமல்டா இன்னொரு முறை வாசித்தாள். அதுவரை அவர்கள் கேட்ட கதாநாயகிகள் எல்லோரும் அழகும் பொறுமையும் ஆனவர்கள், அடித்தாலும் சிரிப்பவர்கள், அடுத்தவள் வாழ்ந்தால் மனம் குளிர்பவர்கள், ஆகையால் இந்தப் பெண்களுக்குக் கொஞ்சமும் ஒட்டாதவர்கள். இவளோ குசும்புக்காரி. அன்று தொட்டு அனுசுயா நாத்தனாரின் செருப்பை ஒளித்துவைத்தபோது ஏன் ஒளித்தாள் என்று அவர்களுக்கு விளங்கியது, மன்னியின் பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டபோது அந்தக் கை ஏன் உப்பைத் தேடிப் போனது என்று விளங்கியது, சிநேகிதியின் நிச்சயதார்த்தப் புடவையில் மை தெளித்தபோது ஷெட்டே பெருமூச்சு விட்டது. மெட்ராஸ்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்த இடங்களில் எல்லாம் இவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

இரண்டு வருஷம் மெட்ராஸில் இருந்த எமல்டாவுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். சொல்லவில்லை. முதல் வாரம் கூச்சத்தில் சொல்லவில்லை, அடுத்த வாரம் கூடை சீக்கிரம் நிறைந்ததால் சொல்லவில்லை, அதற்கு அடுத்த வாரம் தொட்டு அவளுக்கே இந்தக் குசும்புக்காரி வேண்டியிருந்தாள். சிரிப்பாக எழுதியிருந்ததைக் குரலைத் தாழ்த்தி வேதனையாக வாசித்தாள், கேலியாக எழுதியிருந்ததை ஏக்கமாக வாசித்தாள். எழுத்து மெட்ராஸில் பிறந்தாலும் அனுசுயாவின் மனசு கொல்லாவிளையில், எமல்டாவின் தொண்டையில்தான் பிறந்தது. அது எமல்டா ஒருத்திக்குத்தான் தெரியும்.

தாணம்மை அதே ஷெட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்பவள். இசக்கியம்மனுக்குப் பொங்கலிடும் வீட்டில் பிறந்து, சூசைமிக்கேலைக் கட்டிக்கொண்டதால் ஞானஸ்நானம் வாங்கி, தெரசம்மை என்று பெயர் வைக்கப்பட்டு, அந்தப் பெயரில் பங்குச்சாமியார்கூடக் கூப்பிடாதவள். கோயிலுக்கு வந்தால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பாள். அவள் வீட்டு அலமாரியில் பிறந்த வீட்டு இசக்கியும் புகுந்த வீட்டு மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே திரி. ஒருநாள் எமல்டாவிடம் வந்து, “எக்கா, பழைய புஸ்தகத்துல உள்ள அந்த அனுசுயா படத்தைத் தருவீளா?” என்று கேட்டாள். சுவரில் ஒட்டுவதற்காக்கும் என்று எமல்டாவும் கொடுத்துவிட்டாள். அதை அவள் சோறு வைத்து ஓர் அட்டையில் ஒட்டி, இசக்கிக்கும் மாதாவுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

கேட்டவர்களிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: “கோவம் வந்தா இசக்கிட்ட சொல்லுவேன், அவளுக்கு வெளங்கும். சங்கடம் வந்தா மாதாட்ட சொல்லுவேன், அவளுக்கு வெளங்கும். இந்தக் குசும்பு வந்தா மட்டும் யாருட்ட சொல்ல? அதனாலயாக்கும் இவளையும் கூட வச்சேன்.”

மூன்று மாதம் அப்படி ஒரே திரியை ஏற்றினாள். நான்காம் மாதம், அண்டியாபீஸுக்கு வார லீவான ஒரு வெள்ளிக்கிழமை, அவர்கள் அலமாரியிலிருந்து இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார்கள். மேல்படியில் இசக்கி, பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி நிலைப்படிக்கு உள்ளே தூங்கவிட்டுவிட்டு, மாதாவின் கூந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நடுப்படியில் மாதா, நீலத் துணியைத் தோளில் சரியவிட்டு, அனுசுயாவின் தலையில் ஈர் இழுத்துக்கொண்டிருந்தாள். கீழ்ப்படியில் அனுசுயா, பத்திரிகையில் வரைந்திருந்தபடியே கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமுமாக, முந்தானை ஓரத்தில் ஓவியரின் கையெழுத்தோடு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். தூறல் விழுந்தால் இசக்கி எட்டி முறத்தை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள். மை கலைந்துவிடக் கூடாது, பாருங்கள்.

ஊர் முதல் வாரம் வேலி ஓரமாக நின்று பார்த்தது, இரண்டாம் வாரம் முற்றத்துக்குள் வந்தது, மூன்றாம் வாரம் தாணம்மையின் அடுக்களையில் புகுந்து தானே காப்பி போட்டுக் குடித்தது. டவுன் பஸ் கண்டக்டர் அந்த ஸ்டாப் வந்ததும் “மூணு பெண்ணு இறங்கு” என்று கூவத் தொடங்கினார். இசக்கியம்மன் கோயில் டிரஸ்டி செண்பகராமன் வந்து, அம்மன் மேல்படியில் இருப்பதைக் கண்டு திருப்திப்பட்டு, ஒரு சந்தன மரச் சீப்பு வைத்துவிட்டுப் போனார். பங்குச்சாமியார் வென்சஸ்லாஸ் வந்து, மாதா நடுவில் இருப்பதைக் கண்டு அவரும் திருப்திப்பட்டு, கோயில் கணக்கில் தேங்காயெண்ணெய்க்கு ஏற்பாடு செய்தார். போகும்போது யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் குனிந்து, பக்கத்துப் பங்கில் புதிதாகக் கட்டியிருக்கும் மணிக்கூண்டைப் பற்றி அனுசுயாவின் காதில் ஏதோ சொன்னதை ரெத்தினபாய் பார்த்துவிட்டாள்.

ஆமாம், அனுசுயாவிடம் காதில்தான் சொல்ல வேண்டும். அண்ணன் பெண்டாட்டியின் நிறம், தங்கையின் மாடிவீடு, எதிர்வீட்டுக்காரியின் மாப்பிள்ளை தினமும் எட்டு மணிக்கே குடிக்காமல் வீட்டுக்கு வருவது, தன் பிள்ளை தன்னைவிட மாமியாரிடம் ஒட்டிக்கொள்வது, செத்துப்போன மூத்த தாரத்துக்கு இன்னும் படத்தில் மாலை விழுவது, எல்லாவற்றையும் வரிசையில் நின்று, குனிந்து, கைமறைத்துச் சொன்னார்கள். கேட்டு முடித்ததும் அவள் எல்லோருக்கும் ஒன்றையேதான் சொன்னாள். “எனக்கும் உண்டு” என்றாள். அவ்வளவுதான். அதைக் கேட்டவர்கள் பாரம் இறங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள்.

பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் ஞானாபரணம் சார் ஒருநாள் குடையோடு வந்து, “குசும்பு என்றால் அங்கே குறும்பு அம்மா, பொறாமை அல்ல. அனுசுயா என்ற பெயருக்கே பொறாமை இல்லாதவள் என்றுதான் பொருள்” என்று விளக்கினார். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “சாருக்கு வீட்டுல எல்லாம் சொகந்தானே?” என்று விசாரித்து அனுப்பிவைத்தார்கள். ஒருத்திகூட நம்பவில்லை.

எமல்டா மட்டும் போகவில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி நடந்தாள். இது வேதத்துக்கு விரோதம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சாமியாரே எண்ணெய் வாங்கிக் கொடுத்த பிறகு அதுவும் நிற்கவில்லை. கோயிலில் தனியாக நின்று, “பதினாறு வருஷம் பூ வச்சவ நான். தூணுக்குப் பின்னால நிக்கிறவ வீட்டுல போய்த் தலை பாக்கிறியே, நான் என்ன கொறை வச்சேன்?” என்று மாதாவின் சுரூபத்திடம் நேராகவே கேட்டாள். மாதாவையாவது மன்னிக்கலாம், மாதாவுக்கு ஆயிரம் வீடு. அனுசுயாவை மன்னிக்க முடியவில்லை. அவளுக்கு மனசு கொடுத்தது யார்? அந்த மனசைக் கொண்டுபோய் இன்னொருத்தி படியில் வைத்துவிட்டாளே.

ஷெட்டில் இருந்தவர்கள் விடவும் இல்லை. “எக்கா, ஒருநாள் வந்து கேளுங்க” என்று ரெத்தினபாய் சொன்னாள். “வந்து கேட்டாத்தானே தெரியும்” என்று வேறொருத்தி சொன்னாள். தாணம்மையே ஒருநாள் வாசலில் வழிமறித்து, “எக்கா, ஒரு தடவையாவது வந்து கேக்கப்பிடாதா?” என்றாள். எமல்டாவுக்கு உச்சந்தலை கொதித்தது. நான் போய்க் கேட்க வேண்டுமா? தாணம்மையின் முற்றத்தில், அவள் கொடுக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டு, கையேந்தி நான் கேட்க வேண்டுமா? ஊரின் குசும்பெல்லாம் கரையக் கரைய அவளுடையது மட்டும் வளர்ந்தது. சனிக்கிழமைகளில் பெண்கள் கலகலவென்று வேலைக்கு வருவதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தொடர்கதையின் கடைசி வாரம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எமல்டா பக்கத்தைப் புரட்டினாள். அனுசுயாவுக்குக் கல்யாணம். கடைசி வரி இப்படி இருந்தது: “தாலி ஏறிய அந்தக் கணத்தோடு அனுசுயாவின் குசும்பெல்லாம் அடங்கிப்போனது. முற்றும்.” எமல்டா அதை நான்கு முறை வாசித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம், ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி வாசித்தால் போதும், தாணம்மையின் படி காலியாகிவிடும். உள்ளதைச் சொல்வது எந்த வேதத்தில் பாவம்?

அன்று ஷெட்டில் அவள் மெட்ராஸ் வாசிப்பாக வாசித்தாள். சிரிக்க எழுதிய இடத்தில் சிரித்தாள், கேலியைக் கேலியாக வாசித்தாள். கடைசி வரியை நிறுத்தி நிதானமாக வாசித்து, பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, “ஞானாபரணம் சார் சொன்னது சரியாக்கும். குசும்புன்னா அங்க வெறும் விளையாட்டு. அவளுக்குப் பொறாமையே கெடையாது. ஒருநாளும் கெடையாது” என்றாள்.

சார் சொன்னபோது நம்பாதவர்கள் எமல்டா சொன்னபோது நம்பினார்கள். அனுசுயாவை அவர்கள் அந்த வாயிலிருந்துதானே கேட்டிருந்தார்கள். நாற்பது பேரும் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்போ நமக்கு மட்டுந்தானா?” என்று கடைசியில் ரெத்தினபாய் கேட்டாள்.

எமல்டா எழுந்து, சேலையைத் தட்டி உதறிவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு, வாய்க்கால் கரை வழியாகச் சுற்றாமல், நேர்வழியில் எமல்டா தாணம்மை வீட்டுக்குப் போனாள். காலிப் படியைப் பார்க்கத்தான் போனாள், அதை மறைப்பானேன். முற்றத்தில் ஒரு குஞ்சும் இல்லை. ஆனால் படி காலியாகவில்லை. இசக்கி சீப்பை மடியில் வைத்துக்கொண்டு எமல்டாவை ஏற இறங்கப் பார்த்தாள். மாதா தன் காலை ஒதுக்கி இடம் விட்டாள். கீழ்ப்படியில் அனுசுயா மை வெளிறி, பென்சில் கோடாகி, முந்தானையில் கையெழுத்தும் அழிந்து, அலம்பிப் போட்ட துணிபோல உட்கார்ந்திருந்தாள். கிட்டே வரச்சொல்லிக் கை காட்டினாள். எமல்டா குனிந்தாள்.

“நேத்து வாசிச்சீங்களே, அதோட எனக்கு எல்லாக் குசும்பும் போயிட்டு” என்றாள் அனுசுயா. “ஒண்ணு மட்டும் போவல்ல.”

“என்னது?”

“உங்க மேல உள்ளது. முற்றும்னு வாசிச்ச பெறவும் நீங்க எழும்பி, சேலையத் தட்டி உதறிட்டு, வீட்டுக்கு நடந்து போனீங்களே. எனக்கு அது பொறுக்கல்ல.”

நாற்பத்தொரு வருஷத்தில் தன்மேல் ஒருவருக்குக் குசும்பு உண்டு என்று எமல்டா கேட்டது அதுதான் முதல் தடவை. அதோடு அந்தக் குரல் வேறு அவளை என்னவோ செய்தது. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த, சொல்லின் கடைசியில் இழுத்து நிறுத்துகிற குரல். எங்கேயோ தினமும் பக்கத்தில் கேட்பது, யாருடையது என்று மட்டும் பிடிபடவில்லை. “இன்னொரு பிராவசியம் சொல்லு” என்றாள். அனுசுயா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பென்சில் கோடும் மெல்ல மெல்லப் போய், படியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெற்றுத்தாள் கிடந்தது.

அடுக்களைக்குள் அடுப்பூதிக்கொண்டிருந்த தாணம்மை புகைக்கண்ணோடு வெளியே வந்து தாளைப் பார்த்தாள். அழுவாள் என்று எமல்டா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை, தொப்பென்று அருகில் உட்கார்ந்தாள்.

“அது யாருக்க சத்தம் தாணம்மை?” என்றாள் எமல்டா.

“யாருக்க சத்தமா? உங்களுக்க சத்தமாக்கும்” என்றாள் தாணம்மை. “மொதல் நாள்ல இருந்தே உங்களுக்க சத்தந்தான். அதைத்தானே வந்து கேளுங்க, வந்து கேளுங்கன்னு எல்லாரும் தொண்டை வத்தச் சொன்னோம்.”

எமல்டா சேலை அழுக்காகும் என்று பார்க்காமல் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

“எக்கா, காதை இங்கோட்டுத் தாங்க. இதை நான் யாருட்டயும் சொல்லல்ல, அவகிட்டக்கூடச் சொல்லல்ல” என்று தாணம்மை நெருங்கிக் கைமறைத்தாள். “எனக்கு உங்க மேலத்தான் குசும்பு. எனக்க திரி, எனக்க எண்ணெய், எனக்க வீட்டுப் படி. ஆனா அவ வாயத் தொறந்தா வாறது நீங்க. மாதா எப்பமாவது ரெண்டு வார்த்தை சொன்னாலும் கோயில் மைக்குல வாற உங்க சத்தந்தான். எனக்க வீட்டுல எனக்குன்னு ஒரு சாமி எனக்க சத்தத்துல பேசினது இல்ல. வாங்கன்னு கூப்பிட்டாலும், நீங்க வராம இருந்தப்பம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்து, தெரியுமா? வந்தா உங்களுக்கும் தெரிஞ்சு போவுமே.”

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எமல்டா படியில் கிடந்த தாளைக் கையில் எடுத்தாள். தன் குரலுக்குத் தானே முற்றும் வாசித்துவிட்டோம் என்று நினைத்தபோது அழவேண்டும் போல இருந்தது, அழுதாள். மேல்படியில் சீப்பு ஓடுகிற சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது.

“எனக்கும் உண்டு” என்றாள் எமல்டா.

தாணம்மை திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“உனக்க மேல. நேத்து நான் ஏன் அப்படி வாசிச்சேன்னு சொல்லுகேன், காதை இங்கோட்டுத் தா” என்று சொல்லி, எமல்டா அவள் பக்கம் குனிந்து, மெட்ராஸ் மடத்திலிருந்து திரும்பிய ரயிலில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிற்று.